எதிரணி ஓயாமல் பிளிட்ஸ் அனுப்பினால் கல்லூரி அணி என்ன செய்யலாம்?

கேள்வி: 'சனிக்கிழமை ரசிகர்', 5 அக்டோபர் 2025

என் மகள் படிக்கும் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களை இந்த சீசனில் ஒன்று விடாமல் பார்க்கிறேன். பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது, அதாவது மூன்றாவது டவுன் வந்துவிட்டால் போதும், எதிரணி ஐந்து பேர், ஆறு பேர் என்று பந்தை வீசும் குவாட்டர்பேக் மேல் ஏவி விடுகிறது, பிளிட்ஸ் என்கிறார்களே, அதுதான். பையன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தரையில் கிடக்கிறான். ஆறு பேர் வந்தால் ஏழு பேரை நிறுத்தித் தடுக்க வேண்டியதுதானே? இதில் கோச்சுக்கு என்ன கஷ்டம்?

5 அக்டோபர், இரவு

ஏழு பேரை நிறுத்தலாம். எட்டாவது ஆள் வருவான்.

கணக்கு அப்படித்தான் இருக்கிறது. இரு பக்கமும் 11 பேர். நம் பக்கத்தில் பந்தை வைத்திருக்கும் குவாட்டர்பேக் யாரையும் தடுக்கப் போவதில்லை. மிச்சம் 10. முன்வரிசையில் நின்று தடுக்கும் ஐந்து லைன்மேன், பந்தோடு ஓடும் ஒரு ரன்னிங் பேக், தடுக்கவும் பந்து வாங்கவும் செய்யும் ஒரு டைட் எண்ட் என்று ஏழு பேரைத் தடுப்புக்கு வைத்துக்கொண்டால் பந்து வாங்க ஓடுவது மூன்றே பேர். அந்த மூவரையும் ஆளுக்கு ஒருவராகப் பிடிக்க எதிரணிக்கு மூன்று பேர் போதும். மீதி எட்டு பேரும் வரலாம். சரி, ஐந்து பேரை மட்டும் வைத்துத் தடுத்தால்? ஐந்து பேர் ஓட, ஐந்து பேர் பிடிக்க, ஆறு பேர் வரலாம். எப்படிப் போட்டாலும் ஒருவன் மிச்சம். கடைசிக் காவலான சேஃப்டியைக்கூடப் பின்னால் வைக்காமல் இப்படி எல்லோரையும் இறக்குவதைத்தான் கவர் ஜீரோ என்கிறார்கள். எதிரணி அந்தத் துணிச்சலுக்கு வந்துவிட்டால், தடுக்கப்படாத அந்த ஒருவனை எந்த கோச்சாலும் இல்லாமல் ஆக்க முடியாது.

அதனால் நான் கேட்பது வேறு கேள்வி. அந்த ஒருவன் யார் என்பதை நம் அணி முடிவு செய்கிறதா, எதிரணி முடிவு செய்கிறதா? அவன் எங்கிருந்து வரப் போகிறான் என்பது ஸ்னாப்புக்கு (பிளே தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுப்பதற்கு) முன்னாலேயே குவாட்டர்பேக்குக்குத் தெரியுமா? தெரிந்துவிட்டால் அவன் குவாட்டர்பேக்கின் பொறுப்பு. அவன் வந்து சேருவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஏழு பேரை நிறுத்தும் பழக்கம் நமக்கு இருக்கிறது என்று தெரிந்தால் நல்ல எதிரணி ஆறு பேரை லைனில் (இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் கோட்டில்) நிறுத்திக் காட்டிவிட்டு நான்கு பேரை மட்டும் அனுப்பும். ஏழு பேர் நான்கு பேரைத் தடுத்துக்கொண்டிருப்பார்கள். பந்து வாங்க ஓடும் நம் மூன்று ரிசீவர்களை ஏழு பேர் சூழ்ந்து நிற்பார்கள். குவாட்டர்பேக் பந்தைப் பிடித்தபடி நின்று நின்று கடைசியில் விழுவான். டிவியில் அதுவும் பிளிட்ஸ் மாதிரியே தெரியும்.

6 அக்டோபர், காலை

யாரைத் தடுக்காமல் விடுவது என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். தூரத்தில் இருப்பவனை. ஸ்னாப் கொடுக்கும் நடு லைன்மேனான சென்டருக்குப் பக்கத்து இடைவெளியில் நேரே வருபவனுக்கு குவாட்டர்பேக் மிக அருகில் இருக்கிறான். ஓரத்தில் ஸ்லாட் ரிசீவருக்கு (லைனுக்கும் ஓர ரிசீவருக்கும் நடுவே நிற்பவனுக்கு) எதிரே நிற்கும் நிக்கல் பேக் என்ற பின்காவலன் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தக் கூடுதல் அரை நொடியில் பந்து போய்விடும். எனவே தடுப்பில் அடிப்படை விதி, உள்ளிருந்து வெளியே.

ஸ்னாப்புக்கு முன் சென்டர் ஒரு லைன்பேக்கரை (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவனை) கை நீட்டிக் காட்டி, அவன் ஜெர்சி எண்ணைச் சொல்லிக் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். 'மைக்', அதாவது நடு லைன்பேக்கர், இவன்தான் என்று அறிவிக்கிறான். அவனிலிருந்துதான் மற்றவர்கள் தங்கள் தங்கள் ஆளை எண்ணிக்கொள்வார்கள். குவாட்டர்பேக் மைக்கை மாற்றிச் சொன்னால் மொத்தத் தடுப்பும் ஒரு ஆள் தள்ளி நகரும்.

6 அக்டோபர், இரவு

மாஸ்டர்ஸ் படித்த காலத்தில் ஒரு சிறிய கல்லூரி அணியின் வீடியோ பிரிவில் பகுதிநேர வேலை பார்த்தேன். கோல் போஸ்டுக்குப் பின்னால் உயரமான மேடையில் நின்று எண்ட் ஜோன் கேமராவை இயக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பிளேயையும் தனித்தனியாக வெட்டி, எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு, எத்தனை பேர் வந்தார்கள் என்று குறிக்க வேண்டும். டிவி கேமரா பக்கவாட்டிலிருந்து பந்தைத் துரத்தும். லைன்மேன்களுக்கு நடுவே யார் நுழைகிறான் என்பது எண்ட் ஜோன் படத்தில்தான் தெரியும்.

அங்கே பார்த்த ஒரு பிளேயைச் சொல்கிறேன். மூன்றாவது டவுன், ஏழு யார்டு மிச்சம். இரண்டு லைன்பேக்கர்கள் சென்டரின் இரு பக்கமும் லைனுக்கே வந்து குனிந்து நிற்கிறார்கள். ஸ்னாப் ஆனதும் இடது பக்கத்தவன் பின்வாங்கிவிட்டான். வலது பக்கத்தவன் பாய்ந்தான். சென்டர் இடது பக்கம் திரும்பியாயிற்று, அங்கே ஆளில்லை. இனி எல்லாம் ரன்னிங் பேக் கையில். பந்தோடு ஓடுவதில் புலி அந்தப் பையன். அவன் ஹெல்மெட் முதலில் ஓரத்துப் பக்கம் திரும்பியது, பிறகுதான் உள்ளே வந்தது. அதற்குள் லைன்பேக்கர் லைனைத் தாண்டிவிட்டான். பையன் நின்ற இடத்திலிருந்தே தலையைக் குனிந்து கால்களைக் குறிவைத்து விழுந்தான். வந்தவன் ஒரு கையை அவன் முதுகில் ஊன்றித் தாண்டினான். குவாட்டர்பேக் அப்போதுதான் வீசுவதற்குக் கையைப் பின்னால் கொண்டுபோயிருந்தான்.

ரன்னிங் பேக்குகளின் கோச் அந்த இரண்டு நொடியை முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டே இருந்தார். கத்தவில்லை. முதலில் உள்ளே பார், முன்னால் அடி வை, லைனுக்குப் பக்கத்திலேயே அவனைச் சந்தி என்று மட்டும் சொன்னார். குவாட்டர்பேக்கின் மடியில் போய்ச் சந்தித்தால் தடுத்தும் புண்ணியமில்லை.

உங்கள் அணி ஆட்டத்தில் இதைக் கவனியுங்கள். நிறைய யார்டு ஓடும் ரன்னிங் பேக் மூன்றாவது டவுனில் வெளியே போய் வேறு ஒரு பையன் உள்ளே வருகிறானா? பெரும்பாலும் காரணம் இதுதான். அந்த இரண்டாவது பையனின் பெயர் மறுநாள் செய்தியில் வராது. பிளிட்ஸைச் சமாளிப்பதில் பாதி அவன் செய்வதுதான். இது பல வருடமாக என் மனதில் இருக்கிற ஆதங்கம்.

7 அக்டோபர்

இப்போது பந்து எங்கே போக வேண்டும் என்பதற்கு வருகிறேன். வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினால் கொல்லைப்புறம் காலி. ஒரு லைன்பேக்கர் பிளிட்ஸ் வந்தால் அவன் நின்ற இடம் காலி. அந்த இடத்துக்கு ஸ்லாண்ட், அதாவது உள்பக்கம் சாய்வாக, ஓடும் ரிசீவரின் பாதைதான் ஹாட் ரூட். குவாட்டர்பேக் மூன்றடி பின்வாங்கி, சில சமயம் ஒரே அடி வைத்து, வீசிவிடுவான். அந்த ரிசீவரும் பிளிட்ஸைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். குவாட்டர்பேக் பார்த்து ரிசீவர் பார்க்காவிட்டால் பந்து யாருமில்லாத இடத்தில் போய் விழும். ரசிகர்கள் குவாட்டர்பேக்கைத் திட்டுவார்கள்.

கல்லூரி விதிகள் இதற்குக் கொஞ்சம் கைகொடுக்கின்றன. பந்து வாங்கத் தகுதியில்லாத லைன்மேன்கள் பாஸ் போவதற்கு முன் மூன்று யார்டு வரை முன்னேறலாம். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். இந்த இரண்டு யார்டு வித்தியாசத்தில்தான் ஆர்பிஓ (ஓட்டமா பாஸா என்று ஸ்னாப்புக்குப் பின் முடிவு செய்யும் பிளே) கல்லூரியில் இவ்வளவு தழைத்தது. லைன்மேன்கள் ஓட்டத்துக்குத் தடுப்பார்கள். குவாட்டர்பேக் ஒரே ஒரு லைன்பேக்கரை மட்டும் பார்ப்பான். அவன் முன்னே வந்தால் பந்து அவன் தலைக்குப் பின்னால் போகும். வராவிட்டால் ரன்னிங் பேக்கிடம். பிளிட்ஸ் வருமோ என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

மைதானக் கோடுகளும் வேறு. கல்லூரியில், பிளே தொடங்கும் இடத்தின் எல்லையைக் காட்டும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். மைதானத்தின் அகலம் 160 அடி. பந்து ஒரு ஹாஷ் மேல் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. குறுகிய பக்கத்திலிருந்து ஓரக் காவலனான கார்னரையோ சேஃப்டியையோ அனுப்புவது கல்லூரி அணிகளுக்குப் பிடித்த வேலை, ஓட வேண்டிய தூரம் குறைவு. அதே சமயம் 100 அடிப் பக்கத்தில் ஆள் குறைகிறது. அங்கே மூன்று ரிசீவர்களை நிறுத்தி, ஸ்னாப் ஆன மறு நொடி வெளியே ஒருவனிடம் வீசினால் மற்ற இருவர் தடுக்க, ஆறு ஏழு யார்டு நிச்சயம்.

8 அக்டோபர், மதியம்

ஸ்கிரீன் பாஸ் (ஓடி வருபவர்களை உள்ளே விட்டு, லைனுக்குப் பின்னாலேயே கொடுக்கும் குறும் பாஸ்) போட்டால் முடிந்தது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். முடியாது, பொறுங்கள்.

முதலில் அதன் பலம். பந்து லைனுக்குப் பின்னால் வாங்கப்பட்டால் லைன்மேன்கள் எவ்வளவு தூரமும் முன்னே போய்த் தடுக்கலாம். ஓடி வரும் ஆறு பேரும் தாங்களாகவே ஆட்டத்தை விட்டு விலகி, பந்துக்குப் பின்னால் போய்விடுகிறார்கள். சரியாக விழுந்தால் இதைவிட அழகான பிளே கிடையாது.

ஆனால் கவர் ஜீரோவில் ரன்னிங் பேக்குக்கும் ஒரு ஆள் ஒதுக்கியிருப்பார்கள். ரன்னிங் பேக் வெளியே நழுவும்போது அவனும் கூடவே ஒட்டிக்கொண்டு வருவான். பந்து வாங்கிய இடத்திலேயே மோதல்.

அப்புறம் சோன் பிளிட்ஸ், அதாவது பின்னால் ஆளுக்கு ஆள் பிடிக்காமல் இடத்தைக் காத்தபடி அனுப்பும் பிளிட்ஸ். இது என் நேற்றைய குறிப்புக்கும் ஒரு வரம்பு போடுகிறது. 1980-களில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் டிஃபென்ஸ் கோச்சாக இருந்த டிக் லெபோ என்எஃப்எல்லில் இதை வளர்த்தெடுத்தார். அழுத்தமும் வேண்டும், பின்னால் ஓட்டையும் விழக்கூடாது என்பதுதான் யோசனை. ஒரு லைன்பேக்கர் வருவான், அவனுக்குப் பதில் முன்வரிசை ஓரத்தில் நிற்கும் டிஃபென்ஸிவ் எண்ட் பின்வாங்குவான். ஐந்து பேர் வர, மூன்று பேர் நடுவில், மூன்று பேர் ஆழத்தில். 'லைன்பேக்கர் வந்தான், அவன் இடம் காலி' என்று குவாட்டர்பேக் ஸ்லாண்ட் வீசினால் ஆறடி நாலங்குல டிஃபென்ஸிவ் எண்ட் அங்கே கையை நீட்டிக்கொண்டு நிற்பான். ஸ்கிரீன் போட்டாலும் அவன் நிற்கும் இடம் அதுதான். ஆகவே 'வந்தவன் விட்ட இடம்' என்ற விதி ஆளுக்கு ஆள் பிடிக்கும் பிளிட்ஸுக்கு முழுதாகப் பொருந்தும். சோன் பிளிட்ஸுக்குப் பாதிதான்.

எது வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்னாப்புக்கு முன் ஒரு ரிசீவரைக் குறுக்கே நகர்த்துங்கள். எதிரே நின்றவன் கூடவே ஓடினால் பெரும்பாலும் ஆளுக்கு ஆள். ஓடாமல் மற்றவர்கள் ஒரு அடி மட்டும் நகர்ந்துகொண்டால் சோன். அப்புறம் பொய்க்குரல். குவாட்டர்பேக் ஸ்னாப் வரப் போவதுபோல் உரக்கக் கத்தி ஏமாற்றினால் பிளிட்ஸ் வர இருப்பவனின் எடை முன்காலுக்கு வந்துவிடும். வீடியோ அறையில் நாங்கள் முதலில் தேடுவது அந்தக் காலைத்தான்.

9 அக்டோபர், இரவு

உதாரணம் கேட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது 2018 நவம்பர் 24, கொலம்பஸ் நகரில் ஒஹையோ ஸ்டேட்டும் மிஷிகனும் மோதிய ஆட்டம். மிஷிகன் அணி அன்று 10 வெற்றி, ஒரே தோல்வியோடு வந்தது. அவர்களின் டிஃபென்ஸ் கோச் டான் பிரவுன், எதற்கும் ஆக்ரோஷமே பதில் என்று நம்புபவர். ஆளுக்கு ஆள் பிடித்து, எங்கிருந்தாவது பிளிட்ஸ் அனுப்புவார். அந்த சீசனில் எல்லோரையும் நசுக்கிய டிஃபென்ஸ் அது.

ஒஹையோ ஸ்டேட் செய்தது எளிமையானது. ரிசீவர்களை இரு பக்கமிருந்தும் தாழ்வாகக் குறுக்கே ஓடவிட்டது. ஆளுக்கு ஆள் பிடிப்பவன் கூட்டத்துக்குள் தன் ரிசீவரைத் துரத்த வேண்டும், நடுவில் ஒருவர் மேல் ஒருவர் இடறுவார்கள். பந்து சீக்கிரம் கையை விட்டுப் போகும், வாங்குபவன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பான், பின்னால் காவலுக்கு ஆள் கிடையாது. ஒஹையோ ஸ்டேட் ரிசீவர் பாரிஸ் கேம்ப்பெல் வேகத்துக்கு அவரைக் குறுக்கே துரத்திப் பிடிக்க மிஷிகனில் யாருமில்லை. குவாட்டர்பேக் டுவேன் ஹாஸ்கின்ஸ் 396 யார்டு, ஆறு டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) பாஸ். 62-39, ஒஹையோ ஸ்டேட் வெற்றி.

அடுத்த வருடம் மிஷிகன் மைதானத்திலும் ஒஹையோ ஸ்டேட்தான், 56-27. அப்போது அவர்களின் ரன்னிங் பேக் ஜே.கே. டாபின்ஸ் 211 யார்டு ஓடி நான்கு டச்டவுன் அடித்தார். ஒரு வருடம் பாஸ், மறு வருடம் ஓட்டம்.

10 அக்டோபர்

ஆஸ்டினிலிருந்து ஒரு நண்பர், "2019 எல்எஸ்யூ ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போகாதீர்கள், வலிக்கத்தான் செய்யும்" என்கிறார். டெக்சாஸ் ரசிகர், பெரிய மனது.

2019 செப்டம்பர் 7, டெக்சாஸும் எல்எஸ்யூவும் (லூசியானா ஸ்டேட்) மோதிய ஆட்டம். கடைசி மூன்று நிமிடத்துக்குள் எல்எஸ்யூ 37-31 என்று முன்னிலை. மூன்றாவது டவுன், 17 யார்டு மிச்சம். எல்எஸ்யூவை நிறுத்திவிட்டால் டெக்சாஸுக்குப் பந்து, ஜெயிக்க வாய்ப்பு. பெரும்பாலான கோச்சுகள் எல்லோரையும் பின்னால் அனுப்பிக் காத்திருப்பார்கள். டெக்சாஸ் பிளிட்ஸ் அனுப்பியது. எல்எஸ்யூ குவாட்டர்பேக் ஜோ பரோ பதறி ஓடவில்லை. பாக்கெட்டுக்குள்ளேயே (தடுப்பவர்கள் அமைக்கும் வளையத்துக்குள்) நகர்ந்து, இடம் கிடைத்த அந்தக் கணத்தில் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு வீசினார். 61 யார்டு, டச்டவுன். ஆட்டம் 45-38, எல்எஸ்யூ வெற்றி.

அந்த சீசனில் எல்எஸ்யூ அடிக்கடி ஐந்து லைன்மேன்களை மட்டும் தடுப்புக்கு விட்டு மற்ற ஐந்து பேரையும் ஓடவிட்டது. ஆளைக் கூட்டித் தடுப்பதற்கு நேர் எதிரான வழி. ஐந்து பேரும் விரிந்து நின்றால் எதிரணியும் விரிய வேண்டும். பிளிட்ஸ் வருபவன் எங்கும் ஒளிந்துகொள்ள முடியாது, அகலத்தில் நிற்பான், கண்ணில் படுவான். 15 ஆட்டம், 15 வெற்றி, பரோ 60 டச்டவுன் பாஸ்.

10 அக்டோபர், பின்னிரவு

"எல்லா ஊரிலும் பரோ கிடைப்பாரா?" கிடைக்க மாட்டார். நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன்.

சாதாரண கையுள்ள குவாட்டர்பேக்குக்கு, கால் ஓரளவு இருந்தால், ஆப்ஷன் இருக்கிறது. ராணுவ, கடற்படைக் கல்லூரிகளின் ஆர்மி, நேவி அணிகள் தங்களைவிடப் பெரிய ஆட்களோடு மோதியும் தாக்குப்பிடிப்பது இதனால்தான். தடுக்க முடியாத ஒருவன் எப்போதும் இருப்பான் என்று முதல் நாள் சொன்னேன் அல்லவா? ஆப்ஷனில் அவனை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அவன் எதைச் செய்கிறானோ அதற்கு எதிரானதைச் செய்வார்கள். அவன் ரன்னிங் பேக்கைப் பிடித்தால் குவாட்டர்பேக் ஓடுவான். குவாட்டர்பேக் மேல் வந்தால் பந்து ரன்னிங் பேக்கிடம். 1990-களில் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் கோச் ரிச் ரோட்ரிகஸ் வளர்த்த சோன் ரீட் பிளேயும் இதே புத்திதான்.

குவாட்டர்பேக் டிரா பிளேயும் மூன்றாவது டவுனில் நல்ல ஆயுதம். பாஸ் போல் எல்லோரும் நிமிர்ந்து நின்றுவிட்டு குவாட்டர்பேக்கே நடுவில் ஓடுவது. பிளிட்ஸ் முதல் அலையைத் தாண்டிவிட்டால் பின்னால் புல்தரை மட்டும்தான். தாண்டாவிட்டால் இரண்டு யார்டு நஷ்டம். பிளிட்ஸுக்கு எதிரே ஓடுவது எப்போதும் இப்படித்தான், ஒன்று பெரிதாக வரும், இல்லை கையைச் சுடும்.

12 அக்டோபர்

நடுவில் ஒன்று. ஆட்டப் புள்ளிவிவரப் பட்டியலில் உங்கள் அணி 58 யார்டுதான் ஓடியது என்று பார்த்துக் கவலைப்பட்டீர்களே. கல்லூரிக் கணக்கில் சாக்கில் (வீசுவதற்கு முன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவதில்) இழந்த யார்டுகளை ஓட்டத்திலிருந்து கழிப்பார்கள். என்எஃப்எல்லில் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். குவாட்டர்பேக் நான்கைந்து முறை விழுந்திருந்தால் 30, 40 யார்டு அங்கேயே போய்விடும். சாக்கைத் தனியாக எடுத்துவிட்டுப் பாருங்கள், உங்கள் ரன்னிங் பேக்குகள் ஒழுங்காகத்தான் ஓடியிருப்பார்கள்.

இதிலிருந்து முக்கியமான இடத்துக்கு வர முடியும். மூன்றாவது டவுனில் ஏன் பிளிட்ஸ் வருகிறது? ஒன்பது யார்டு மிச்சம் இருப்பதால். ஒன்பது யார்டு போக ரிசீவருக்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தைத்தான் பிளிட்ஸ் தின்கிறது. மூன்று யார்டு மிச்சம் என்றால் ஸ்லாண்ட், ஓட்டம், குவாட்டர்பேக் முட்டித் தள்ளுவது, எல்லாம் சாத்தியம். அப்போது பிளிட்ஸ் அனுப்புவது எதிரணிக்குத்தான் ஆபத்து. முதல் டவுனில் ஐந்து யார்டு எடுக்கும் அணிக்கு மூன்றாவது டவுனில் தனி மருந்து பெரிதாகத் தேவைப்படாது. முதல் டவுனில் முட்டி மோதி ஒரு யார்டு எடுத்துவிட்டு, இரண்டாவதில் பாஸைத் தவறவிட்டு, மூன்றாவதில் வழி தேடும் அணியை எந்தத் தடுப்பாலும் காப்பாற்ற முடியாது. 'பிளிட்ஸ் வந்தால் போடும் பிளே' என்று தனியாக ஒரு பக்கம் வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் டவுனில் போடும் பாஸ் உட்பட ஒவ்வொரு பாஸ் பிளேயிலும் ஒரு ஹாட் இருக்க வேண்டும், வாரம் முழுவதும் அதையே பயிற்சி செய்ய வேண்டும்.

14 அக்டோபர்

வெளியூர் ஆட்டத்தில் மட்டும் நிலைமை மோசமாகிறது என்றீர்கள். சத்தம்தான் காரணம். குவாட்டர்பேக் குரல் கேட்காததால் சைலண்ட் கவுண்ட். குவாட்டர்பேக் காலைத் தூக்குவான், சென்டருக்குப் பக்கத்து லைன்மேனான கார்டு திரும்பிப் பார்த்து சென்டரைத் தட்டுவான், சென்டர் தலையை ஆட்டி ஸ்னாப் கொடுப்பான். எதிரணி லைன்பேக்கருக்கு இது போதும், தட்டியதும் எண்ண ஆரம்பித்துவிடுவான். தட்டியபின் சில சமயம் ஒன்று வரை எண்ணி, சில சமயம் இரண்டு வரை எண்ணி என்று மாற்றாத அணி தன் ஸ்னாப்பைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

2024 முதல் பெரிய கல்லூரி அணிகளில் ஒரு வீரரின் ஹெல்மெட்டில் கோச்சின் குரல் கேட்கிறது. ஆனால் பிளே கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது அது அணைந்துவிடும். கெட்டிக்கார டிஃபென்ஸ் அதுவரை சாதாரணமாக நின்றுவிட்டுப் பிறகுதான் பிளிட்ஸ் வேஷத்தைப் போடும். அதற்குப் பதில், சில தடவை 20 நொடி இருக்கும்போதே ஸ்னாப் எடுப்பது. வேகம் கூடினால் எதிரணிக்கு வேஷம் போடவும் ஆள் மாற்றவும் நேரமில்லை.

15 அக்டோபர்

எல்லாம் கைவந்தபின் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 செப்டம்பர் 26. மைக் லீச் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு கோச்சாக வந்து முதல் ஆட்டம். எல்எஸ்யூ பிடிவாதமாக ஆளுக்கு ஆள் பிடித்தது. மிசிசிப்பி ஸ்டேட் குவாட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ 623 யார்டு வீசினார், இரு அணிகளும் ஆடும் எஸ்இசி பிரிவின் சாதனை. 44-34, மிசிசிப்பி ஸ்டேட் வெற்றி. ஒரே வாரம் கழித்து ஆர்கன்சா மூன்று பேரை மட்டும் அனுப்பி எட்டு பேரைப் பின்னால் நிறுத்தியது. அதே அணி, அதே குவாட்டர்பேக், 14 புள்ளியில் முடங்கியது. 21-14, ஆர்கன்சா வெற்றி. பிளிட்ஸை அடித்து நொறுக்கும் அணிக்கு அடுத்து வருவது இதுதான். அப்போது தேவைப்படுவது பொறுமையும் ஓட்டமும்.

18 அக்டோபர், காலை

இடது டேக்கிள் (இடது ஓர லைன்மேன்) இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு. இடது டேக்கிள் பையன் காயத்தில் வெளியே இருந்தால் டைட் எண்டை அந்தப் பக்கம் நிறுத்தலாம். ஆனால் முழு நேரமும் தடுக்க வைக்க வேண்டாம். ஓரத்தில் வருபவனைத் தோளால் ஒரு இடி இடித்துவிட்டு வெளியே ஓடட்டும். இடி வாங்கியவன் ஒரு நொடி தடுமாறுவான், டைட் எண்டும் குவாட்டர்பேக்குக்கு அருகிலேயே ஹாட்டாகக் கிடைப்பான். இன்று ஆட்டத்தில் அதைச் செய்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் சேர்த்து.